கார்பரேட்டர் மேல் போட்ட பழி

“ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு ஆள் வருது,” என்றாள் மனைவி, தட்டில் பரிமாறிக்கொண்டே.

குமாஸ்தா வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதி வழியில் நின்றது. “எந்த ஆளு?”

“பழைய இரும்பு எடுக்கிறவர். கொட்டகையில நிக்குதே உங்க அப்பா டிராக்டர், அதைத் தூக்கிட்டுப் போக.”

“அது இரும்பு இல்லம்மா. வண்டி.”

“ஓடினா வண்டி. ஓடலைன்னா இரும்பு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட வச்சுட்டீங்கன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். இல்லைன்னா போகட்டும்.”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே, கார்பரேட்டர் போயிருச்சுன்னு.”

“நாலு வருஷமா அதைத்தான் சொல்றீங்க. போனதைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதானே?”

“அது அவ்வளவு சுலபமில்லை. அதுக்கு அந்தக் காலத்துல…”

மேஜைக்கு அடியில் அவளுடைய வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தியது. குமாஸ்தா பேச்சை நிறுத்தினார்.

அந்தக் காலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. ஊரெல்லாம் டீச்சர் என்றுதான் கூப்பிடும். பள்ளிக் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தப்பான வழியில் போனால் அவள் கால் அதை மிதிக்கும். பதினாலு வருடம் மிதித்து மிதித்து, வீட்டிலும் யாராவது தப்பான வழியில் பேசினால் அந்தக் கால் தானாக மிதிக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டில் பேசுகிற இன்னொரு ஆள் குமாஸ்தாதான். நீதிமன்றப் பதிவறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார், எத்தனையோ சிடுமூஞ்சி நீதிபதிகளைப் பார்த்தவர். அவர்கள் சுத்தியலுக்கெல்லாம் அசையாத மனுஷன், இந்தக் காலுக்கு நடுங்குவார்.

நடுங்குவதற்குக் காரணமும் இருந்தது. மடியில் கனம்.

நாலு வருடத்துக்கு முன்னால் அப்பா போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாஸ்தா முதல் தடவையாக அந்தத் தோட்ட டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். பெரிய வண்டியில்லை. ஒரு கழுதை உயரம்தான் இருக்கும். பின்பக்கத் தோட்டத்தைக் கொத்தவும் புல் வெட்டவும் அப்பா வைத்திருந்தது. ஸ்டியரிங் சக்கரம் தேய்ந்த இடங்களில் அவரே கறுப்பு டேப் சுற்றியிருந்தார். குமாஸ்தா இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார், இன்ஜின் பிடித்தது. ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். கிளட்சிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி ஒரே ஒரு முழம் முன்னால் பாய்ந்து, முக்கிவிட்டு அணைந்தது.

ஒரு முழம்தான். அதற்குள் அவருக்குத் தன் இறுதி ஊர்வலம் வரைக்கும் தெரிந்துவிட்டது. இறங்கினார், வேர்வையைத் துடைத்தார். குளித்துவிட்டு வெளியே வந்த மனைவியிடம், “கார்பரேட்டர் போயிருச்சு,” என்றார். இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் அந்தப் பாகத்தை அப்பா அடிக்கடி திட்டிக் கேட்டிருக்கிறார். சொல்லும்போது கனமாக இருந்தது, கேட்டவர் மேலே கேள்வி கேட்க முடியாததாகவும் இருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். குமாஸ்தாவின் புளுகு நாலு வருடம் ஓடியது, டிராக்டர்தான் ஓடவில்லை. வேடிக்கை என்னவென்றால், நாலு வருடம் அப்படியே கிடந்த பெட்ரோல் உள்ளேயே வற்றிப் பிசினாகி, கார்பரேட்டர் நிஜமாகவே போய்விட்டது. சொன்ன பொய் பழுத்து உண்மையாகிவிட்டது.

இப்போது அவருக்கு இரண்டு பயம். வண்டி ஓடாவிட்டால் அப்பாவின் டிராக்டர் போய்விடும். அந்தக் கறுப்பு டேப் சுற்றிய சக்கரத்தை யாரோ சம்மட்டியால் உடைப்பதை நினைக்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. வண்டி ஓடிவிட்டாலோ, அவர்தான் ஓட்ட வேண்டும். அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அலுவலகத்திலிருந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குள் போனார். கதவைச் சாத்தலாம் என்று பார்த்தால், சுவருக்கு மேலே அடுத்த வீட்டுத் தலை முளைத்துவிட்டது.

அடுத்த வீட்டுக்காரர் முப்பது வருடம் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். இன்ஜின் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. அதனால் அவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள்.

“என்ன தம்பி, கார்பரேட்டரைக் கழட்டப் போறியா?” என்று கத்தினார்.

“மெதுவாண்ணே. அவ உள்ளே இருக்கா.”

“பயமா இருக்கா?”

“ஐயோ, மெதுவா.”

“பயப்படாதே. ரெண்டு நட்டுதான். பெட்ரோல் குழாயை மூடிட்டு உருவு. அடியில ஒரு கிண்ணம் தொங்கும், அதைக் கழட்டினா உள்ளே மிதவை இருக்கும். மிதவைக்குக் கீழே ஒரு குட்டி ஊசி இருக்கும், எள்ளு கணக்கா. அதைத் தொலைச்சே, நீ தொலைஞ்சே.”

குமாஸ்தா கழற்றினார். கிண்ணத்துக்குள் பழுப்பாகப் பிசின் ஒட்டியிருந்தது. மிதவை வந்தது, ஜெட் என்கிற துளை போட்ட பித்தளைத் திருகுகள் வந்தன, சுருள்கம்பி, வளையம், காகித அட்டை என்று ஒவ்வொன்றாக வந்தன. மொத்தம் இருபத்திரண்டு. வெளியே வர வர, எது எங்கே இருந்தது என்று அவருக்கு மறந்துகொண்டே வந்தது. ஆனாலும் அவர் பதிவறை ஆள். ஒரு பொருளை எண் போடாமல் கீழே வைக்க அவர் கை சம்மதிக்காது. சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளில் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எழுதி, நூலால் ஒவ்வொரு பாகத்திலும் கட்டினார். கப்பல்காரர் சுவர் வழியாக ஒரு டப்பா கழுவும் திரவம் கொடுத்தார். “ஒரு நாள் முழுக்க ஊறட்டும்,” என்றார்.

நூலும் சீட்டுமாக இருபத்திரண்டையும் குமாஸ்தா அப்படியே திரவத்தில் போட்டார். பொருளையும் அதன் சீட்டையும் எந்த நிலையிலும் பிரிக்கக் கூடாது என்பது பதிவறையின் முதல் விதி.

புதன்கிழமை சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், பாகங்கள் பளபளவென்று இருந்தன. சீட்டுகளும் பளபளவென்று இருந்தன. ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை.

பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு நினைவு வந்தது. அவர் எதையும் ஒரே பிரதியாக வைக்கிற ஆள் இல்லையே. நோட்டுப் புத்தகத்தில் தனிப் பதிவும் எழுதியிருந்தார். பாய்ந்து போய்ப் பிரித்தார். அவர் கையெழுத்தில் முத்து முத்தாக இருந்தது:

எண் 1: உலோகப் பொருள், ஒன்று.
எண் 2: உலோகப் பொருள், ஒன்று.
எண் 3: உலோகப் பொருள், சிறியது, ஒன்று.

இருபத்திரண்டு வரைக்கும் அப்படியே. கடைசியில் “சரிபார்க்கப்பட்டது” என்று கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார்.

“என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? குழம்பிட்டியா?” என்றது சுவர்.

“மெதுவாண்ணே.”

“நம்பர் அழிஞ்சுபோச்சா?” தெருவில் போன ஒரு சைக்கிள் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

வேறு வழியில்லை. எந்தத் திருகு எந்தத் துளையில் முரண்டு பிடிக்காமல் போகிறதோ, அதுதான் அதன் வீடு என்று வைத்துக்கொண்டார். ஜெட்டுக்குள் கம்பி விடக் கூடாது, துளை பெரிதாகிவிடும், வாயால் ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று கப்பல்காரர் கத்தினார். ஊதினார். ஊதியதில், பெட்ரோல் நெடியடித்த திரவம் பாதி அவர் வாய்க்குள் போயிற்று.

சாப்பாட்டு மேஜையில் மனைவி மூக்கைச் சுளித்தாள். “என்ன உங்க வாயில பெட்ரோல் நாத்தம்?”

“பல்லு வலி. ஒரு மருந்து போட்டேன்.”

“எந்தப் பல்லு?”

“எல்லாப் பல்லும்.”

கால் அழுத்தியது. அப்போது அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததால் குமாஸ்தா பிழைத்தார். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஏதோ யோசனை கேட்டிருக்க வேண்டும். “பயந்தவங்களுக்கு முதல்ல பிரேக்கைக் காட்டாதே,” என்றாள் இவள். “காட்டினா அதுமேலேயே குடியிருப்பாங்க. கொஞ்ச தூரம் போகட்டும். போனப்புறம் காட்டு.” குமாஸ்தா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கவலை அவருக்கு.

வியாழக்கிழமை பாகங்களை மாட்டி முடித்தார். அவர் கடியாரம், விசிறி என்று எதைக் கழற்றினாலும் கடைசியில் இரண்டு திருகு மிச்சமாவதுதான் வழக்கம். இந்தத் தடவை ஒன்றும் மிச்சமாகவில்லை. சந்தோஷப்பட்ட கையோடு நோட்டைப் பார்த்து எண்ணினார். இருபத்தொன்று. மிதவைக்குக் கீழே ஓர் இடம் காலியாக, பல் விழுந்த மாதிரி இருந்தது. எள்ளு கணக்கான அந்த ஊசி.

கொட்டகைத் தரையை முழங்காலில் ஊர்ந்து தேடினார். மண்ணைச் சலித்தார். சலிக்க எடுத்தது சமையலறை மாவுச் சல்லடை. அதைத் திரும்பக் கழுவி வைக்கும்போது கை நடுங்கிய நடுக்கத்தில் அதுவே இன்னொரு தடவை சலித்தது. ஊசி கிடைக்கவில்லை. அப்பா டிராக்டர் போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டார். கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அந்தக் கறுப்பு டேப்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, அழுதார்.

வெள்ளிக்கிழமை மதியம் பதிவறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சோற்றுக்குப் பக்கத்துக் கிண்ணத்தில், சுத்தமான ஒரு துணித்துண்டின் மேல், அந்த ஊசி இருந்தது.

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டச்சர் எட்டிப் பார்த்தார். “என்ன சார் அது? பல்லா?”

“ஆமா,” என்றார் குமாஸ்தா. “என் பல்லைப் பிடுங்கிக் கையில கொடுத்துட்டா.”

ஒரு சீட்டில்லை, ஒரு வார்த்தையில்லை. புதன்கிழமைச் சட்டைப் பையில் விழுந்து கிடந்து, துவைக்கும்போது அவளிடம் அகப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் அவளுக்கு என்னவெல்லாம் தெரியும்? சல்லடை தெரியுமா? அந்த ஒரு முழம் தெரியுமா? வைதிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு அன்றைக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வாரத்தில் இரண்டு கிலோ இளைத்திருப்பார்.

சாயங்காலம் ஊசியைப் போட்டு, கார்பரேட்டரை வண்டியில் பூட்டி, புது பெட்ரோல் ஊற்றினார். கயிற்றைப் பிடித்தார், இழுக்கவில்லை. இனிமேல் இது ஓடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முதல் பயம் தீர்ந்த இடத்தில் இரண்டாவது பயம் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது அடியில் ஓடும் ஒரு பெல்ட்டுதானே? அதை உருவிவிட்டால் இன்ஜின் ஜோராக இரையும், வண்டி ஓர் அங்குலம் நகராது. இரைவதைப் பார்த்துவிட்டால் எந்த இரும்புக்காரரும் கை வைக்க மாட்டார். டிராக்டரும் இருக்கும், உயிரும் இருக்கும். இருபத்தாறு வருடம் வக்கீல்களோடு பழகியது வீண்போகவில்லை என்று அவருக்கு ஒரே பெருமை.

உருவினார். வீட்டில் எங்கே ஒளித்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். சனிக்கிழமை அரை நாள் அலுவலகம் இருந்தது. பையில் போட்டுக்கொண்டு போய், பதிவறையில் கடைசி அலமாரியின் மேல்தட்டில், எந்தத் தூசியும் முப்பது வருடமாக எழுப்பப்படாத இடத்தில் வைத்தார். வெறுமனே வைத்துவிட்டு வர மனசு கேட்கவில்லை. ஒரு சீட்டு கட்டினார்: “உலோகம் அல்லாத பொருள், ஒன்று.”

ஞாயிற்றுக்கிழமை பத்து அடிக்கும்போது வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. இறங்கியவருக்குத் தூண் மாதிரி கை. சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. கையில் ஒரு நீளமான காகிதப் பொட்டலம். உள்ளே சங்கிலிதான் இருக்கும் என்று குமாஸ்தாவுக்குத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சுவருக்கு மேலே கப்பல்காரர் தலை ஏற்கெனவே தயாராக இருந்தது.

“என்னங்க, ஆரம்பிக்கலாமா?” என்றாள் மனைவி.

கயிற்றை இழுத்தார், ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை இழுத்தார், இருமியது. மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்து, கொட்டகைத் தகரமெல்லாம் அதிர ஓட ஆரம்பித்தது. குமாஸ்தா அப்படியே நின்றுவிட்டார். அதே சத்தம். அப்பா இருந்த ஞாயிற்றுக்கிழமைகளின் சத்தம். இருபத்திரண்டு உலோகப் பொருளும் தன் கையால் மாட்டியவை. ஒரு நிமிஷம் அவருக்குப் பயமே மறந்துவிட்டது.

“ஓடுது பாத்தியா?” என்றார் மனைவியிடம், குரல் கம்மி.

“ஓடுதுங்க. ஏறி ஓட்டுங்க.”

ஏறினார். கியரைப் போட்டு, காலை எடுத்தார். இன்ஜின் இரைந்தது. வண்டி மலை மாதிரி நின்றது.

“அடடா,” என்றார் குமாஸ்தா, வெள்ளிக்கிழமையிலிருந்து ஒத்திகை பார்த்த குரலில். “இது வேற ஏதோ போல இருக்கே. கார்பரேட்டர் சரியாயிருச்சு. இது தனி விஷயம்.”

அவள் குனிந்து அடியில் பார்த்தாள். “பெல்ட்டைக் காணோமே.”

“நாலு வருஷமாச்சே. எலி தின்னிருக்கும்.”

“முழுசாவா?”

“நல்ல பசி போல.”

அவள் கால் அழுத்தும் என்று எதிர்பார்த்தார். அழுத்தவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. அவள் லாரிக்காரர் பக்கம் திரும்பி, “பிரிங்க,” என்றாள். அவர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு புத்தம் புது பெல்ட்டு இருந்தது.

“இவர் இரும்புக்காரர் இல்லைங்க. உதிரி பாகக் கடைக்காரர்,” என்றாள் மனைவி.

“டீச்சர் பத்து நாளைக்கு முன்னாடியே பெல்ட்டு நம்பர் எழுதிக் கொடுத்துட்டாங்க சார். வெளியூர்லேர்ந்து வரவழைச்சேன்,” என்றார் அவர்.

“பத்து நாளைக்கு முன்னாடியா? அப்ப பெல்ட்டு நல்லாத்தானே இருந்துச்சு? நான் உருவினதே வெள்ளிக்கிழ…”

குமாஸ்தா வாயை மூடிக்கொண்டார். மூடியது கொஞ்சம் தாமதம்.

“என்கிட்ட வர்ற பயந்தாங்கொள்ளிங்க எல்லாரும் முதல்ல வயித்து வலின்னு சொல்லுவாங்க,” என்றாள் அவள், கோபமே இல்லாமல். “மாத்திரை கொடுத்தா, அடுத்த நாள் செருப்பு அறுந்துபோயிருக்கும். அதுக்காகவே கார்ல ரெண்டு ஜோடி செருப்பு வச்சிருக்கேன். கார்பரேட்டர் சரியானா உங்களுக்கு அடுத்தது பெல்ட்டுதான் போகும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு வண்டி ஒரு முழம் பாஞ்சப்போ நான் குளிச்சுக்கிட்டு இல்லை. குளிச்சு முடிச்சு ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தேன்.”

“எல்லாம் தெரிஞ்சா நாலு வருஷம் சும்மா இருந்தே?”

“நீங்களா வருவீங்கன்னு பார்த்தேன். தினமும் கொட்டகைக்குப் போய் அந்தச் சக்கரத்தைத் துடைச்சுட்டு வர்றீங்க. ஓட்ட ஆசையில்லாதவர் துடைப்பாரா? எனக்கே பாக்கச் சகிக்கலை.”

குமாஸ்தா சுவிட்சைத் தட்டி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். கடைக்காரர் கால் மணி நேரத்தில் பெல்ட்டை மாட்டி, இன்ஜினைத் திரும்பக் கிளப்பினார். மனைவி உள்ளே போய்ப் பள்ளிக்கூட எல் போர்டு ஒன்றை எடுத்து வந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் பலகையில் இறுக்கக் கட்டினாள்.

“நீயும் ஏறி நில்லு,” என்றார் குமாஸ்தா, இருக்கையில் ஏறிக்கொண்டே, கெஞ்சலாக.

“இதுல என் பக்கம் பிரேக் இல்லையே. நான் எப்படி ஏறுவேன்?”

“ஏம்மா…”

“காலை மெதுவா எடுங்க. முட்டைமேல வச்ச மாதிரி. நான் கூடவே நடந்து வர்றேன்.”

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஒன்றும் பாயவில்லை. கண்ணைத் திறந்தபோது கொட்டகைக் கதவு பின்னால் போய்க்கொண்டிருந்தது. தோட்டம் மெல்ல எதிரே வந்தது. வண்டி நடக்கிற வேகத்தில்தான் போயிற்று, அவருக்கோ காற்றில் காது பறப்பது போல இருந்தது. கறுப்பு டேப் உள்ளங்கையில் கதகதப்பாக இருந்தது. ஒரு சுற்று சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று. “அப்படித்தான் தம்பி, பயந்துக்கிட்டே போ,” என்று கப்பல்காரர் ஊருக்கே அறிவித்தார். பக்கத்தில் நடந்து வந்த மனைவியின் வலது கால் ஒரு தடவைகூடத் தரையை அழுத்தவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு தூரம் தடையில்லாமல் போனதே இல்லை.

மூன்றாவது சுற்றில் வேலி கொஞ்சம் கிட்டத்தில் தெரிந்தது. போதும், நிறுத்திவிடலாம் என்று இன்ஜினை அணைக்கும் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். கை ஒரு தகட்டில் முட்டியது. எல் போர்டைச் சரியாக அந்தச் சுவிட்சின் மேல்தான் கட்டியிருந்தாள்.

“ஏம்மா,” என்று கத்தினார், “இதுல பிரேக் எது?”

“அது அடுத்த ஞாயித்துக்கிழமைப் பாடம்,” என்றாள் டீச்சர்.